தென்னை ஏறும் கருவி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தென்னந்தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இன்று உரத்தைவிட, பூச்சி மருந்தைவிடப் பெரிய கவலை மரம் ஏற ஆள் கிடைக்காததுதான். ஏறத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டனர். சொன்ன நாளில் ஆள் வராததால் காய் முற்றித் தானாக விழுகிறது. காய்ந்த மட்டை கழிபடாமல் தொங்குகிறது. கொண்டையில் எலியும் வண்டும் குடியேறுகின்றன. இந்த நிலையில் கருவி ஒன்றை வாங்கித் தாமே ஏறலாம், அல்லது வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பழக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் தவறு நேர்கிறது.

முதலில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்குச் சுமார் 70 மரங்கள் நிற்கும். 45 நாளைக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு 8 வெட்டு. ஆக, ஒரே ஒரு ஏக்கர் தோப்பில் ஆண்டுக்கு 560 தடவை ஒருவர் மரத்தின் உச்சிக்குப் போய் வர வேண்டும். அந்த 560-ல் ஒரு தடவை பிடி தவறினாலும் போதும். 40 அடி உயரத்திலிருந்து விழுபவர் ஒன்றரை விநாடியில் தரையைத் தொடுகிறார். அப்போது அவர் உடல் வரும் வேகம் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் வரவை எந்தத் தோப்பும் ஈடு செய்யாது.

கருவி என்றதும் ஏறும் இயந்திரத்தை மட்டும் நினைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். ஏறும் இயந்திரம் ஒருவரை மேலே கொண்டு போகும், அவ்வளவுதான். கால் தவறினால் அவரைப் பிடித்து நிறுத்துவது உடம்பில் கட்டும் பட்டையும், அதை மரத்தோடு பிணைக்கும் கயிறும் ஆகும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஏறாமல் முடிகிற மரம் எது?

தோப்பில் உள்ள எல்லா மரத்துக்கும் ஏற வேண்டியதில்லை. நீண்ட கழியில் அரிவாள் பூட்டிய தொரட்டி எட்டும் உயரம்வரை தரையில் நின்றே குலையை அறுக்கலாம். பொள்ளாச்சிப் பகுதியில் இது பழகிய முறை. கழுத்து வலிக்கும், எந்தக் குலை முற்றியது என்று கீழிருந்து பார்த்துச் சொல்லக் கண் பழக வேண்டும், கொண்டையைச் சுத்தம் செய்ய முடியாது. இருந்தாலும் விழுவதற்கு வழியே இல்லாத முறை இது ஒன்றுதான். ஆகவே மரங்களை உயரப்படி பிரித்து, தொரட்டி எட்டும் மரங்களைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். மீதிக்குத்தான் ஏறும் கருவி.

தொரட்டியில் ஓர் ஆபத்து உண்டு. அலுமினியக் குழாயில் செய்த தொரட்டி இலேசாக இருப்பதால் பலர் விரும்பி வாங்குகிறார்கள். தோப்பின் மேலோ ஓரத்திலோ மின்கம்பி போகுமானால் அலுமினியத் தொரட்டியை அங்கே கொண்டுபோகவே கூடாது. மூங்கிலும் மழையில் நனைந்திருந்தால் மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்கு அருகில் உள்ள மரங்களில், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே எந்த வேலையும் செய்ய வேண்டும்.

புதிதாகக் கன்று நடுபவர்கள் இந்தக் கவலையை நடவின்போதே நினைத்துப் பார்க்கலாம். சௌகாட் ஆரஞ்சு போன்ற குட்டை இரகங்கள் பல ஆண்டுகள் கைக்கு எட்டும் உயரத்திலேயே காய்க்கும், இளநீருக்கு ஏற்றவை. கொப்பரைக்கு நெட்டை இரகமே வேண்டும் என்பவர்கள் ஏறும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்தைக் காயப்படுத்தும் முறைகள்

சில ஊர்களில் அடிமரத்தில் அரிவாளால் படி வெட்டி ஏறுகிறார்கள். ஏறுவதற்குச் சுலபம், மரத்துக்குக் கேடு. மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு உள்ளே வளரும் திசு ஒன்று உண்டு; காயம் பட்டால் அது வளர்ந்து மூடிவிடும். தென்னையும் பனையும் புல் இனத்தைப் போல ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றுக்கு அந்தத் திசு கிடையாது. இன்று வெட்டிய படி மரம் சாகும் வரை அப்படியே இருக்கும். அதில் தண்ணீர் தங்கும். சாறு வடிதல் நோய்க்கு வழியாகும். புதுக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். கூன்வண்டு புகுந்த மரம் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காப்பாற்ற முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

இதே காரணத்தால், வெளிநாட்டு மரவேலைக்காரர்கள் அணியும் முள் பூட்டிய இரும்புக் காலணியும் தென்னைக்கு ஆகாது. வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். படத்தில் பார்த்துவிட்டு வாங்கிவந்து காய்க்கும் மரத்தில் குத்தி ஏறுவது, நாமே வண்டுக்கு வாசல் திறந்துவிடுவதாகும்.

இரண்டு வகை இயந்திரங்கள்

இப்போது பழக்கத்தில் உள்ளவை முக்கியமாக இரண்டு. ஒன்று நின்றுகொண்டு ஏறுவது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம்.ஜே. ஜோசப் உருவாக்கியதால் இது செம்பேரி மாதிரி என்றே அழைக்கப்படுகிறது. இடது காலுக்கு ஒன்றும் வலது காலுக்கு ஒன்றுமாக இரண்டு தனித்தனிப் பாகங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவரும் கம்பிக் கயிற்று வளையம், கால் வைக்கும் மிதி, கையால் பிடிக்கும் பிடி ஆகியன உண்டு. மிதியில் எடை விழுந்தால் வளையம் மரத்தை இறுக்கிக் கொள்ளும். எடையை எடுத்துப் பிடியைத் தூக்கினால் தளரும். ஒரு காலில் நின்று மறுபாகத்தை உயர்த்துவது, பிறகு அதில் நின்று இதை உயர்த்துவது என மாற்றி மாற்றி ஏற வேண்டும்.

மற்றது உட்கார்ந்து ஏறுவது. மேல் சட்டத்தில் ஆசனம், கீழ்ச் சட்டத்தில் கால் வைக்கும் இடம். காலூன்றி நின்று மேல் சட்டத்தைக் கையால் உயர்த்தி அதில் உட்கார்ந்து, பிறகு கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவ்வகைக் கருவியை வடிவமைத்துள்ளது.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால், ஏறுபவரைப் பொறுத்தது. இளைஞர், நாளெல்லாம் கூலிக்கு ஏறப் போகிறவர் என்றால் செம்பேரி மாதிரியே ஏற்றது. மரத்துக்கு மரம் மாற்றிப் பூட்ட நேரம் குறைவு. சொந்தத் தோப்பில் ஐம்பது அறுபது மரம் மட்டும் ஏறுபவர், நடுவயதைக் கடந்தவர், உயரத்தில் நின்றால் கால் நடுங்குகிறவர், பெண்கள் ஆகியோருக்கு உட்காரும் வகை நம்பிக்கை தரும். எடை கூடுதல், வேகம் குறைவு. ஆனால் உச்சியில் உட்கார்ந்தபடி வேலை செய்யலாம். கொண்டையில் மருந்து வைப்பது, மகரந்தம் சேர்ப்பது போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளுக்கு இதுவே வசதி.

எதை வாங்கினாலும் முதலில் மரத்தை அளந்து பார்க்க வேண்டும். தென்னையின் அடி பருத்திருக்கும். மேலே போகப் போகச் சிறுக்கும். மார்பு உயரத்தில் கயிறு கட்டிச் சுற்றளவு எடுத்து, தோப்பில் மிகப் பருத்த மரத்துக்கும் மிகச் சிறுத்த மரத்துக்கும் வளையத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் சரியாகப் பூட்டிய வளையம் பாதி உயரத்தில் தளர்ந்துவிடும்; மிதி கீழ்நோக்கிச் சாயும். அப்படிச் சாய்ந்தால் கால் வழுக்கும். நடுவழியில் நின்று வளையத்தைச் சுருக்கிக்கொண்ட பிறகே மேலே போக வேண்டும். பாதுகாப்புக் கயிறு கட்டாதவர் இந்த இடத்தில்தான் அகப்பட்டுக்கொள்கிறார். இரண்டு கையும் வளையத்தைச் சரிசெய்யப் போய்விட்டால் மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

சாய்ந்த மரத்திலும், இடையில் இடுப்பு ஒடிந்ததுபோல் குறுகிய மரத்திலும் இயந்திரம் சரியாகப் பிடிக்காது. 2018 நவம்பர் கஜா புயலில் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்த மரங்கள் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் உண்டு. அவற்றின் வளைவைத் தாண்டும்போது இயந்திரம் பக்கவாட்டில் சுழலப் பார்க்கும். அத்தகைய மரத்துக்கு ஏணியோ தொரட்டியோதான் சரி. பாக்கு மரத்துக்குத் தென்னைக் கருவியைக் கொண்டுபோக வேண்டாம். அந்தப் பருமனுக்கு வளையம் சுருங்காது.

பட்டையும் கயிறும்

இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை போதாது. தொங்க நேர்ந்தால் அது விலாவுக்கு ஏறி மூச்சை நெரிக்கும்; தலைகீழாகப் போனால் உருவிக்கொள்ளவும் கூடும். தோள், மார்பு, இடுப்பு, இரண்டு தொடை எல்லாவற்றையும் தாங்கும் முழு உடல் பட்டையே வேண்டும். கடைகளில் 'ஃபுல் பாடி ஹார்னஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரக் குறியீடு அதில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மார்புக்கு நேரே ஒரு வளையமும், இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வளையமும் இருப்பது நமது வேலைக்கு ஏற்றது. முதுகுப்புறம் மட்டும் வளையம் உள்ளது கட்டட வேலைக்கானது, மரத்தில் பயன்படாது.

அடுத்தது கயிறு. இதில் பெரும்பாலோர் அறியாத நுட்பம் ஒன்று உள்ளது. இடுப்பின் ஒரு வளையத்திலிருந்து மரத்தைச் சுற்றி மறு வளையத்துக்கு வரும் கயிறு, மேலே பின்சாய்ந்து நின்று இரண்டு கையாலும் வேலை செய்ய உதவும். ஆனால் கால் தவறினால் அது நிற்காது. ஆளும் கயிறும் சேர்ந்தே மரத்தில் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். வழுவழுப்பான தென்னையில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே இரண்டாவதாக ஒரு சுருக்குக் கயிறு வேண்டும். அது மரத்தைச் சுற்றி வந்து தன் முனையில் உள்ள வளையத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து மார்பு வளையத்துக்கு வர வேண்டும். எடை விழுந்ததும் மாட்டுக் கழுத்துச் சுருக்கைப் போல அது மரத்தை இறுக்கி நின்றுவிடும். இந்தச் சுருக்கு எப்போதும் மார்புக்கு மேலேயே இருக்க வேண்டும். மூன்று நான்கு மிதி ஏறியதும், இரண்டு காலும் உறுதியாக நிற்கும்போது, சுருக்கைத் தளர்த்தி மேலே தள்ளிக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே விட்டுவிட்டால் விழும் தூரம் கூடும். அப்போது பட்டை தாங்கினாலும் உடம்பு தாங்காது.

கயிறு நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்கட்டும். கிணற்றுக்கும் சாமான் கட்டவும் வாங்கும் மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் உளுத்துவிடும். தேங்காய் நார்க் கயிற்றை ஆளைத் தாங்க நம்பக் கூடாது. இறுகி நிற்கும் கயிறு அரிவாள் இலேசாகப் பட்டாலே அறுந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உச்சியில் வேலை செய்யும்போது சுருக்குக் கயிறும் இடுப்புக் கயிறும் இரண்டும் கட்டியிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகவே. உள்ளே எஃகுக் கம்பி ஓடும் கயிறு கிடைத்தால் இன்னும் நல்லது. கயிற்றைக் கோக்கும் கொக்கி, வாய் தானாகத் திறக்காதபடி திருகிப் பூட்டும் வகையாக இருக்க வேண்டும்.

தலைக்கவசம் தாடைப்பட்டையுடன் கூடியது வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசம் மேலே பார்ப்பதை மறைக்கும். கீழே நிற்பவருக்கும் கவசம் வேண்டும். அதைவிட முக்கியம், குலை விழும் வட்டத்துக்கு வெளியே அவர் நிற்பது.

ஏறும் நாளில்

கருவியை மரத்தில் பூட்டியதும் இரண்டடி உயரத்தில் நின்று, முழு எடையையும் போட்டு ஓரிரு முறை குலுக்கிப் பார்க்க வேண்டும். கம்பிக் கயிற்றில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கயிறு மாற்ற வேண்டியதே. கிளாம்பு, போல்ட், வெல்டிங் விரிசல், தேய்ந்த ரப்பர் இவற்றைத் தினமும் பார்க்க வேண்டும். கம்பிக் கயிறு போனால் அதே தடிமனுள்ளதை வாங்கிப் போட வேண்டும். கட்டுக் கம்பியையும் சைக்கிள் பிரேக் கம்பியையும் போட்டு ஒப்பேற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மழை பெய்த மறுநாளும், பனி காயாத காலையிலும் ஏறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிமரத்தில் பாசி படியும். அதைச் சாக்கால் துடைத்துவிட்டே தொடங்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் வெட்டை இரண்டு நாள் தள்ளிப்போடலாம். காய் ஒன்றும் கெட்டுப்போகாது. ஏறுமுன் கொண்டையை நன்றாக அண்ணாந்து பார்த்து, குளவி, கதண்டுக் கூடு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும்.

உச்சியை அடைந்ததும் பழைய மட்டையைப் பிடிக்கவே கூடாது. பச்சையாகத் தெரிந்தாலும் அடி கழன்றிருக்கலாம். கயிற்றை மட்டையிலோ குலைக்காம்பிலோ கட்டக் கூடாது. குலைக்குக் கீழே உறுதியான அடிமரத்தில்தான் கட்ட வேண்டும். அங்கே போனபின் காயை மட்டும் வெட்டிவிட்டு இறங்குவதும் வீண். காய்ந்த மட்டை, பன்னாடையை நீக்கி, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து மரத்துக்கு 150 கிராம் இட்டுவிட்டால் காண்டாமிருக வண்டு அண்டாது. ஒரே ஏற்றத்தில் இரண்டு வேலை முடியும்.

இறங்கும்போதுதான் கை களைத்திருக்கும். மனமும் வேலை முடிந்தது என்று இளைப்பாறத் தொடங்கியிருக்கும். சுருக்குக் கயிற்றை இறங்கும்போதும் கழற்றக் கூடாது.

தனியாக ஒருவர் ஏறுவது எந்த நிலையிலும் கூடாது. கீழே ஒருவர் இருந்தாக வேண்டும். பட்டையில் தொங்கிக்கொண்டிருப்பவருக்குத் தொடைப் பட்டை இறுகி, கால்களில் இரத்தம் தங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அது உயிருக்கே ஆபத்தாகும். கயிற்றில் ஒரு கால் கண்ணி கட்டி வைத்திருந்தால் அதில் மிதித்து நின்று சமாளிக்கலாம். அவரை இறக்கக் கூடிய இன்னொருவரும், ஏணியோ இரண்டாவது கருவியோ ஊரில் எங்கே இருக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யாரேனும் தரையில் விழுந்துவிட்டால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றக் கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கால் நிரந்தரமாகச் செயலிழக்கக் கூடும். அசைக்காமல் படுக்க வைத்து 108-க்குச் சொல்ல வேண்டும்.

தளை போட்டு ஏறுபவர்கள்

பரம்பரையாகத் தளைக்கயிறு போட்டு ஏறுபவரிடம் இயந்திரத்தைக் காட்டினால் சிரிப்பார். அவர் வேகத்துக்கு எந்த இயந்திரமும் வராது என்பது உண்மைதான். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் பனையேறிகள் முருக்குத்தடியும் தளைநாரும் மார்புத்தோலும் கொண்டு, இடுப்பில் அருவாப்பெட்டியுடன் பதநீர்க் காலத்தில் அதே மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் இயந்திரம் பூட்டிக் கழற்ற அவர்களுக்கு நேரம் ஏது? மட்டை அடி உதிராத இளம் பனையில் வளையம் நகரவும் செய்யாது. இவர்களை முறையை மாற்றச் சொல்வதில் பயனில்லை. இருக்கிற முறையோடு முழு உடல் பட்டையும் சுருக்குக் கயிறும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். உச்சியில் பாளை சீவும் நேரத்திலாவது கயிறு கட்டியிருப்பது அவர்கள் வேகத்தை அதிகம் குறைக்காது. தோட்டக்காரர் ஒரு பட்டையை வாங்கி வைத்து, ஏற வருபவருக்குக் கொடுப்பது செலவு என்று நினைக்கக் கூடாது.

பயிற்சியும் காப்பீடும்

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இயந்திரத்தில் ஏறுவதும் கொண்டைப் பராமரிப்பும் இதில் கற்றுத்தரப்படுகின்றன. பயிற்சி எங்கே, எப்போது என்பதை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். கடைக்காரர் காட்டிய பத்து நிமிடப் பயிற்சியை நம்பி 40 அடி ஏறக் கூடாது. முதல் சில நாட்கள் பத்தடிக்கு மேல் போகாமல் ஏறி இறங்கிப் பழக வேண்டும்.

நான்கைந்து சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு இயந்திரம் வாங்கிப் பயன்படுத்தலாம். பட்டையை மட்டும் அவரவர் உடம்புக்கு அளவாகத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தடவை ஆளைத் தாங்கி நின்ற பட்டையும் கயிறும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது; வெட்டி எறிந்துவிட வேண்டும். பட்டையை நிழலில் மாட்டி வைக்க வேண்டும். பூச்சி மருந்தும் பழைய பேட்டரியும் உள்ள மோட்டார் கொட்டகையில் வைத்தால் அமிலம் பட்டு நைலான் உள்ளுக்குள்ளேயே வலுவிழக்கும்.

தென்னை ஏறுவோருக்கெனத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடு உள்ளது. பிரீமியத்தில் ஒரு பகுதியை வாரியமே ஏற்கிறது. தொகையும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால் வாரியத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பனை ஏறுவோர் தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். காப்பீட்டுக்கான மனுவை முதல் மரம் ஏறுவதற்கு முன்பே கொடுத்து முடித்து, ஒவ்வோர் ஆண்டும் கெடு தேதிக்கு முன் புதுப்பித்துவர வேண்டும். கூலிக்கு ஆள் வைப்பவர்களும், ஏற வருபவரிடம் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொண்டே மரத்தைக் காட்டுவது நல்லது.